துளைக்குப் பின்னால் ஒரு கண்

உரோமின் ஸ்பாடா அரண்மனையில் 1653 அளவில் பிரான்செஸ்கோ போரோமினி கட்டிய தூண்வரிசை நடை ஏறத்தாழ 9 மீட்டர் நீளமே உடையதாயினும், எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது 35 மீட்டர் அளவு நீண்டு தோன்றுகிறது. உள்ளே செல்லச் செல்லத் தூண்கள் குட்டையாகின்றன, தரை மெல்ல உயர்கிறது, மேல்வளைவு தாழ்கிறது, பக்கச் சுவர்கள் நெருங்குகின்றன. கோடியில் ஆளுயரமாகத் தெரியும் சிலை, அருகில் சென்றால் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இதன் கணக்கில் போரோமினிக்குத் துணைநின்றவர் ஜொவான்னி மரியா தா பிதோந்தோ என்னும் துறவி.

இந்த நுட்பத்தின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், விசென்சாவின் ஒலிம்பிக்கோ அரங்கில் ஸ்கமோட்சி அமைத்த குறுகும் தெருக்களைக் கடந்து, மிலானின் சான் சாத்திரோ தேவாலயத்தை அடையலாம். அங்குப் பலிபீடத்துக்குப் பின்னால் சாலை குறுக்கிட்டதால் கட்ட முடியாமற்போன பகுதியை, 1480களில் பிரமாந்தே ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்துக்குள் புடைப்பு வேலையாக அமைத்து, நடுவழியில் நிற்பவருக்கு முழு மண்டபமாகவே காட்டினார். ஆனால் பக்கவாட்டில் சில அடி நகர்ந்ததும் அம்மண்டபம் தட்டையாகிவிடுகிறது. பார்ப்பவர் நிற்கும் இடமும் கட்டடத்தின் ஓர் உறுப்பே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அந்த இடத்தை முதலில் வரையறுத்தவர் யார் என்னும் கேள்வி, தேடலைப் புளோரன்சுக்கு இட்டுச்செல்கிறது. இணைகோடுகள் தொலைவில் ஒரே புள்ளியில் கூடுவதுபோல் வரையும் பெர்ஸ்பெக்டிவ் முறையை ஆல்பெர்ட்டி 1435இல் நூலாக வகுப்பதற்கு முன்பே, கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி அந்நகரின் திருமுழுக்குக் கோயிலைச் சிறு பலகையில் வரைந்து, அதில் துளையிட்டார். 1480களில் அவர் வரலாற்றை எழுதிய மனெத்தியின் கூற்றுப்படி, துளை ஓவியப் பக்கத்தில் மைசூர்ப் பருப்பு அளவும் பின்புறத்தில் டுகாட் நாணய அளவும் இருந்தது. பார்ப்பவர் பேராலய வாயிலுக்குள் நின்று, பலகையின் பின்புறத்தில் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைக் காண வேண்டும்; வானத்துக்குரிய இடத்தில் மெருகேற்றிய வெள்ளி பதிக்கப்பட்டிருந்ததால், காற்றில் நகரும் உண்மையான முகில்களும் அதில் தெரிந்தன.

பார்வைக் கதிர்களின் வடிவியலை 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் அரபியில் விரிவாக எழுதிவிட்டார் என்பதும், அந்நூல் இலத்தீன் வழியாக இத்தாலிக்கு வந்தது என்பதும் உண்மை. மூலத்தை அங்கேயே நிறுத்துவோரும் உண்டு. எனினும் அவர் ஆராய்ந்தது பார்வை நிகழும் முறையை. பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து வெளியை அளந்து காட்டியது அந்தத் துளைதான். ஆகவே போரோமினியின் தூண்களுக்கு மூலம் அதுவே எனக் கொள்வதே பொருந்தும். புரூனெல்லெஸ்கியின் பலகை இன்று இல்லை. அதில் வரையப்பட்ட கோயில் இன்றும் நிற்கிறது; அவர் கண் வைத்து நின்ற பேராலய வாயில் பின்னர் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டது.