ஈயம் ஒண்ணு இல்லை, ரெண்டு

நாம ஈயம்னு பொத்தாம் பொதுவா சொல்லிடறோம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் ஈயம்தான். காசிமேட்டுல மீன் வலையில கட்டுற குண்டும் ஈயம்தான். கார் பேட்டரிக்குள்ள இருக்கறதும் ஈயம்தான். ஆனா சொம்பு வெள்ளீயம். குண்டும் பேட்டரியும் காரீயம். ஒண்ணுல ரசம் வச்சு சாப்பிடலாம். இன்னொண்ணு உடம்புக்குள்ள போனா விஷம். பேர் மட்டும் ஒண்ணு!

ஸ்டெயின்டு கிளாஸ் வேலைக்குக் கண்ணாடியை ஒட்ட வைக்கிற சால்டரிங் ஈயத்துல இந்த ரெண்டும் கலந்திருக்கு. எது எவ்வளவுன்னு தெரிஞ்சு வாங்கறதுதான் இந்த வேலையில பாதி. மீதிப் பாதி பொறுமை. கண்ணாடி வெட்டறதைப் பத்தி எல்லாரும் கேட்கறாங்க, ஈயத்தைப் பத்தி யாரும் கேட்கறதில்லை. அதனால அதை மட்டும் விலாவாரியா எழுதிடறேன்.

முதல்ல ஒரு சின்ன முன்கதை. நம்ம ஊர்லயே இந்த வேலைப்பாட்டைப் பார்க்கலாம். சாந்தோம் பேராலயம் (இப்ப இருக்கற கட்டடம் 1896), உயர்நீதிமன்றம் (1892), சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் (1879), எல்லாத்துலயும் வண்ணக் கண்ணாடி உண்டு. பழைய சர்ச் ஜன்னல்கள்ல காரீயத்தை 'எச்' எழுத்து மாதிரி நீளப் பட்டையா இழுத்து, அந்தக் காடிக்குள்ள கண்ணாடியைச் செருகுவாங்க. பட்டைகள் சந்திக்கிற இடத்துல மட்டும் சால்டர் வைப்பாங்க. நாம வீட்ல செய்யறது வேற முறை. ஒவ்வொரு கண்ணாடித் துண்டோட ஓரத்துலயும் மெல்லிசான தாமிரப் பட்டையை (காப்பர் ஃபாயில்) ஒட்டி, அது மேல முழுக்க சால்டர் ஓட்டறது. 19-ம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்காவோட டிஃபனி விளக்குகளால பிரபலமான முறை இது. இதுல கோடு முழுக்க ஈயம்தான் வெளியில தெரியும். அதனால எந்த ஈயம்ங்கறது அழகையும் தீர்மானிக்குது.

இப்ப நம்பர் கணக்கு. சுருள் மேல 60/40ன்னு போட்டிருந்தா, முதல் நம்பர் வெள்ளீயம், ரெண்டாவது காரீயம். வெள்ளீயம் தனியா 232 டிகிரியில உருகும். காரீயம் தனியா 327-ல. ரெண்டையும் கலந்தா ரெண்டையும் விடக் குறைஞ்ச சூட்டுலயே உருக ஆரம்பிக்கும், 183-ல! கூட்டணி சேர்ந்தா சீக்கிரம் உருகிடுவாங்க போல :-)

63/37: 183-ல சட்டுன்னு உருகும், அதே 183-ல சட்டுன்னு உறையும். நடுவுல கூழ் நிலையே கிடையாது. டப்பா, விளக்கு மாதிரி நிமிர்ந்து நிக்கற பொருளோட ஓரங்களுக்கு நல்லது. வழியறதுக்குள்ள இறுகிடும்.

60/40: 183-ல இருந்து 190 வரைக்கும் கூழ். கண்ணாடி வேலைக்குப் பொதுவா இதுதான். கோடு நடுவுல உருண்டு, மழமழன்னு, பளபளப்பா வரும்.

50/50: கூழ் நிலை கிட்டத்தட்ட 215 வரைக்கும் நீளும். விலை குறைவு. ஆனா மேடு தட்டையா, கொஞ்சம் மங்கலா வரும். பின்பக்கம் நிரப்பவும், இடைவெளி அடைக்கவும் பரவாயில்லை.

காரீயமே இல்லாதது: 99.3 பங்கு வெள்ளீயம், 0.7 தாமிரம் கலந்த வகை 227-ல உருகும். வெள்ளீயம் விலை அதிகம்ங்கறதால இதுவும் விலை அதிகம். ஓட்டம் கொஞ்சம் மந்தம், மழமழப்பு அவ்வளவு சுலபமா வராது. ஆனா இதுக்கு ஒரு இடம் இருக்கு, கீழே சொல்றேன்.

வாங்கப் போனா எல்லாரும் ரிச்சி ஸ்ட்ரீட்டைத்தான் கை காட்டுவாங்க. போகலாம், ஆனா கவனமா. அங்க கிடைக்கிற சுருள்ல பெரும்பாலானது ரேடியோ, மொபைல் வேலைக்கு. கம்பிக்கு நடுவுல பைன் பிசின் வச்சிருப்பாங்க. கண்ணாடியில அது பிசுபிசுன்னு ஒட்டிக்கும், கழுவினாலும் லேசுல போகாது. பிறகு கறுப்பு நிறமோ தாமிர நிறமோ ஏத்தினா அங்கங்க பிடிக்காது. நமக்கு வேண்டியது உள்ளே எதுவும் இல்லாத வெறும் கம்பி, சுமார் 3 மி.மீ. கனம்.

ஒரு கடையில 60/40 கேட்டதுக்கு லேபிளே இல்லாத சுருளைக் கொடுத்து, "அதேதான் சார்"னு சத்தியம் பண்ணாங்க. வீட்ல வந்து ஒரு சொட்டு உருக்கினா, ரொம்ப நேரம் கூழாவே இருந்து, சாம்பல் நிறத்துல உறைஞ்சது. நல்ல 60/40 சீக்கிரம் இறுகி மினுக்கும். நீங்களும் வாங்கின உடனே ஒரு சொட்டு உருக்கிப் பார்த்துடுங்க. சொம்பு வாங்கறவங்களுக்கும் ஒரு சோதனை இருக்கு. சுத்த வெள்ளீயத்தை வளைச்சா மெல்லிசா ஒரு கிரீச் சத்தம் வரும், உலோகம் அழறதுன்னு சொல்லுவாங்க. காரீயம் அழாது.

அடுத்து சூடு. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான 25 வாட் அயர்ன் இதுக்குப் பத்தாது. கண்ணாடியும் தாமிரமும் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 80 - 100 வாட், உளி மாதிரி பட்டையான பிட், சூடு சுமார் 370 டிகிரி. வோல்டேஜையும் பாருங்க. 230-க்குப் பதிலா 200 வோல்ட் வந்தா 100 வாட் அயர்ன் 75 வாட்தான் வேலை செய்யும். சாயந்திரம் ஏழு மணிக்குக் கோடு சரியா வரலைன்னா, குத்தம் உங்க கை மேல இல்லாமலும் இருக்கலாம்.

பிட் கறுத்துப் போனா அரம் போட்டுத் தேய்க்காதீங்க, மேல இருக்கற இரும்புப் பூச்சு போயிடும். நவச்சாரக் கட்டியில தேய்ச்சு, கொஞ்சம் ஈயம் வச்சா பளிச்சுன்னு ஆயிடும். நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற அதே நவச்சாரம்தான். அந்தக் காலத்துல "ஈயம் பூசறது"ன்னு தெருவுல கூவிட்டு வருவாங்களே, அவங்க துருத்தி ஊதி, பித்தளைப் பாத்திரம் சூடானதும் தூவித் தேய்ச்சது இதைத்தான். வெள்ளைப் புகை கிளம்பும், அழுக்கு விலகும், ஈயம் வழுக்கிட்டு ஓடும். உலோகம் சுத்தமா இருந்தாத்தான் ஈயம் பிடிக்கும்ங்கற பாடம் பாத்திரத்துக்கும் கண்ணாடிக்கும் ஒண்ணுதான். நகை வேலையில வெண்காரம் வைக்கிறதும் இதுக்குத்தான். பற்றாசுன்னு தமிழ்ல அழகான வார்த்தையே இருக்கு, நாமதான் சால்டர் சால்டர்ங்கறோம்.

நம்ம பக்கம் உப்புக் காத்து வேற. தாமிரப் பட்டை சீக்கிரம் கறுத்துடும். ஒட்டினதை வாரக்கணக்குல போட்டு வைக்காதீங்க. மூடின கவர்ல வைங்க. பட்டை மேல ஃப்ளக்ஸ் தடவி, முதல்ல அங்கங்க ஒரு புள்ளி வச்சு நிறுத்தி, அப்புறம் கோட்டை நிரப்பி, கடைசியா மேடு கட்டணும். ஒரே இடத்துல அயர்னை வச்சுக்கிட்டு நின்னா கண்ணாடி விரிசல் விட்டுடும். சரியா வரலைன்னா அது ஆறட்டும், வேற கோட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க. முடிச்ச அன்னைக்கே சோப்புத் தண்ணியில கழுவிடணும். ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தா வெள்ளையா பூத்துடும்.

இப்ப முக்கியமான விஷயம். எம்.கே.பி. நகர்ல எங்க வீடு ரெண்டே ரூம். வேலை மேஜைக்கும் சமையல் மேடைக்கும் நடுவுல ஆறடி. வீட்ல நாலு வயசுல ஒரு பொண்ணு. "ஈயம்னா விஷம்னு சொல்றீங்க, குழந்தை இருக்கற வீட்ல இது தேவையா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. சமாதானம் சொல்லித் தப்பிக்க முடியாது.

புகையைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. காரீயம் கொதிக்கறதுக்கு 1700 டிகிரிக்கு மேல வேணும். நம்ம அயர்ன் 370. வர்ற புகை ஃப்ளக்ஸோடது. அதுவும் நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து ஃபேனை முகத்துக்கு எதிர்ப்பக்கமா வைக்கணும். ஆனா காரீயம் வர்ற வழி மூக்கு இல்லை, கை. கம்பியைப் பிடிச்ச விரல், சிதறின பொடி மணி, துடைச்ச துணி, அப்புறம் வாய். ஒரே அளவு காரீயம் வயித்துக்குள்ள போனாலும், பெரியவங்களை விட சின்னக் குழந்தைங்க உடம்பு நாலஞ்சு மடங்கு அதிகமா உறிஞ்சிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னும் சொல்லுது. மூளை வளர்ற வயசு. எலும்புல போய் தங்கிக்கும். அதனாலதான் அமெரிக்காவுல 1986-ல குடிதண்ணிக் குழாய்க்குக் காரீய சால்டரைத் தடை பண்ணாங்க. நம்ம நாட்டுலயும் வீட்டு பெயின்ட்ல காரீயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு 2017 நவம்பர்ல இருந்து அமலுக்கு வந்தது.

அதனால எங்க வீட்ல ஒரு ஒப்பந்தம். பொண்ணு தூங்கின பிறகுதான் அயர்ன் சூடாகும். மேஜை மேல பேப்பர், முடிஞ்சதும் அப்படியே சுருட்டி எடுத்துடறது. தரையைப் பெருக்கறதில்லை, ஈரத்துணியால துடைக்கறது. வேலைச் சட்டை தனி, துவைக்கறதும் தனி. கையை நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவாம தண்ணி டம்ளரைக் கூடத் தொடறதில்லை. மிச்சத் துண்டுங்க மூடி போட்ட பாட்டில்ல, பரண் மேல. 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்'னு யாராவது வந்தாலும் அதுல இருந்து ஒரு துண்டு கூடக் குழந்தை கைக்குப் போகாது.

ஈயம் தேர்வும் இதோட சேர்ந்ததுதான். சுவத்துல உயரமா மாட்டற பேனலுக்கு 60/40. குழந்தை கை படற எதுக்கும் காரீயம் இல்லாதது மட்டும். பொண்ணு கேட்ட பட்டாம்பூச்சியை அதுலதான் செஞ்சேன். கோடு 60/40 அளவுக்கு மழமழன்னு வரலை, லேசா அலை அலையா இருக்கு. தினம் ரெண்டு தடவை அதை எடுத்துக் கன்னத்துல வச்சு "ஜில்லுன்னு இருக்கு"ங்கறா. அலை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். சாப்பாடு, தண்ணி வைக்கிற எதையும் நான் இந்த முறையில செய்யறதே இல்லை. எந்த ஈயமா இருந்தாலும் சரி.

கடைக்குப் போனா ஈயம் வேணும்னு கேட்காதீங்க. எத்தனை பங்கு வெள்ளீயம், எத்தனை பங்கு காரீயம்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.