தம்புராவும் கிற்றாரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மருதனார்மடத்தை அறியாதிருக்க மாட்டார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்கல்விக்கென 1913இல் நிறுவிய கல்லூரி இங்கேதான் இருக்கின்றது. 1960இல் இவ்வூரிலே தோன்றிய இசைக் கல்லூரி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நுண்கலைக் கூடமாக மலர்ந்தது. வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் பயிலும் இவ்விடத்தைக் கடக்கும்போது, தம்புராவை நினைப்பாரேயன்றிக் கிற்றாரை நினைப்பார் இலர்.

ஆயினும் அங்கிருந்து கிழக்கே, செம்பாட்டுத் தோட்டங்களினூடே சிறிது தூரம் சென்றால் உரும்பிராய் வந்துவிடும். வாழையும் வெங்காயமும் செழிக்கும் இவ்வூரிலே பிறந்தவர் நித்தி கனகரத்தினம். 1960களின் பிற்பகுதியில் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையைத் தொடக்கி வைத்தோருள் அவர் ஒருவர். கையிலே கிற்றார், நாவிலே நம்மூர்ப் பேச்சுத் தமிழ். அவருடைய 'சின்ன மாமியே' கடல் கடந்தும் பரவியது. கிற்றார் என்றாலே குடியும் கும்மாளமும் என்று அஞ்சும் பெற்றோர், அவருடைய மற்றொரு பாட்டு கள்ளுக்கடையை அணுகாதே என்று புத்தி புகட்டுவதை மறந்துவிடுகின்றனர்.

வேறோர் அச்சமும் உண்டு. கர்நாடக இசை பயிலும் பிள்ளையின் சுருதி ஞானத்தை இக்கருவி கெடுத்துவிடும் என்பர். அது மெய்தானா?

தம்புராவிலே சட்சமும் பஞ்சமமும் கலந்து ஒலிக்கின்றன. அவற்றோடு காந்தாரத்தையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தால், அதுவே மேல்நாட்டார் 'கோர்ட்' என்னும் சுரக்கூட்டு. கிற்றாருக்குத் தந்திகள் ஆறு. சிலவற்றை அழுத்தி, ஏனையவற்றைத் திறந்தபடியே ஒலிக்கவிடுவது தொடக்கப் பாடம். மிக மெல்லிய தந்தியை முதலாவதாகக் கொள்க. ஐந்தாம், நான்காம் தந்திகளை இரண்டாம் மெட்டில் அழுத்தி ஆறு தந்திகளையும் மீட்டினால் 'ஈ மைனர்' பிறக்கும். அதில் இருப்பது சாதாரண காந்தாரம். இன்னொரு விரலால் மூன்றாம் தந்தியை முதல் மெட்டில் அழுத்தினால் அந்தர காந்தாரம் வந்து 'ஈ மேஜர்' ஆகும். வாட்டம் மலர்ச்சியாவது ஒரே விரலின் வேலை! இம்மூன்று விரல்களின் அமைப்பைக் கலைக்காது மெல்லிய தந்திகளின் பக்கமாக ஒரு தந்தி நகர்த்தி, ஆறாந் தந்தியை விட்டு மீட்டினால் 'ஏ மைனர்'.

இரு காந்தாரங்களையும் பாடிப் பழகிய பிள்ளைக்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும். சுருதி ஞானம் இங்கே தடையன்று, துணையே. கமகத்துக்கு இச்சுரக்கூட்டுகள் இடங்கொடா என்பது உண்மை. ஆதலால் வீணையின் இடத்தைக் கிற்றார் பெறப்போவதில்லை. ஆனால், வயலினும் மேல்நாட்டிலிருந்து வந்ததே. பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார்.

விரல் நுனிகள் முதற் சில வாரங்கள் நோகும். மெட்டின் மேலன்றி அதற்குச் சற்றுப் பின்னே அழுத்தவேண்டும். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டி, அதிர்வின்றி ஒலிக்கின்றதா என்று பார்க்கவேண்டும். நமது தீபகற்பத்தின் உப்புக் காற்று உருக்குத் தந்தியை விரைவில் துருவேற்றும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைப்பது நன்று.

பிள்ளை கிற்றார் கேட்டால் வைய வேண்டாம். முதலில் தம்புராவின் முன் இருத்தி இரு காந்தாரங்களையும் பாடச் சொல்லுங்கள். பாடிவிட்டால், தயங்காது கருவியைக் கையிலே கொடுங்கள்.