அட்வான்ஸ் யாருடைய பணம்?

வீட்டைக் காலி பண்ணும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை 'பெயிண்டிங்'னு பிடிச்சுக்கிறது சென்னையில் வழக்கமாவே ஆகிப்போச்சு. ஆனா அட்வான்ஸ் வீட்டுக்காரரோட வருமானம் இல்ல. குடியிருக்கிறவர் கொடுத்துவைத்த பணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் இதைத் தெளிவாவே சொல்லுது: காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரணும், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கியை மட்டும்தான் கழிக்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிக்கிறது உரிமையாளர் பொறுப்பு.

'குழாயை உடைச்சுட்டுப் போனா யார் கொடுப்பா?'ன்னு வீட்டுக்காரர்கள் கேட்பாங்க. நியாயமான கேள்வி. உடைச்சவர் கொடுத்துத்தான் ஆகணும். ஆனா அதுக்கு பில் காட்டணும்; நாள்பட மங்கிய சுவரையும் உடைஞ்ச குழாயையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. 'பெயிண்டிங் செலவுக்கு ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்து போட்டீங்க'ங்கிறது அடுத்த வாதம். அதனாலதான் ஒப்பந்தத்தை வரிவரியா படிக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும், குடிவரும் நாளிலேயே அறை அறையா போட்டோ எடுக்கணும், அட்வான்ஸை பேங்க் வழியாவே கொடுக்கணும். பிறகு வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், எழுத்தில் கேட்டுவிட்டு வாடகை நீதிமன்றம் போக ஆதாரம் கையில் இருக்கும்.

இவ்வளவு சட்டம் இருந்தும், அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் அவசரத்தில் இருக்கிற குடும்பம், கிடைச்சவரை போதும்னு ஏன் ஒத்துக்க வேண்டியிருக்கு?