விரிஞ்சிபுரம்: சிங்க வாய் திறக்கும் இரவு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்பவர்களுக்கு வேலூரைத் தாண்டியதுமே ஆம்பூர் பிரியாணி நினைவு வந்துவிடும். அதற்கு முன்பே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே, பாலாற்றங்கரையில் ஒரு பெரிய சிவாலயம் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இத்தனைக்கும் அங்கே குடியிருப்பவர் வழிப்போக்கர்களுக்கே உரிய சாமி. மார்க்கபந்தீஸ்வரர் என்பது திருநாமம். தமிழில் வழித்துணைநாதர். அம்பாள் மரகதாம்பிகை.

மைசூர்ப் பக்கமிருந்து காஞ்சிபுரத்துக்கு மிளகு மூட்டைகளோடு புறப்பட்ட வணிகர் ஒருவர், வழியில் கள்ளர் பயத்தால் இங்கே தங்கி வேண்டிக்கொண்டாராம். சிவபெருமானே காவல் வீரனாக உடன் வந்து, பத்திரமாகக் காஞ்சியில் கொண்டு சேர்த்தார் என்கிறது தலபுராணம். 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பைய தீட்சிதர் இந்த ஈசன்மீதுதான் மார்க்கபந்து ஸ்தோத்திரம் பாடினார். இன்றும் வெளியூர் கிளம்பும் முன் அதைச் சொல்லிவிட்டுப் புறப்படும் குடும்பங்கள் உண்டு.

‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். உயர்ந்த மதிலைப் பார்த்ததும் அது ஏன் என்று புரியும். கல்யாண மண்டபத் தூண்களில் நின்று பார்க்க வேண்டிய சிற்பங்கள் இருக்கின்றன. உள் பிராகாரத்தின் தென்புறத்தில் ‘மணி காட்டும் கல்’ ஒன்று உண்டு. பிறை வடிவில் எண்கள் செதுக்கிய கல் அது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்தான் அப்போதைய நேரம். குழந்தைகளோடு செல்பவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள்.

கடை ஞாயிறு

விரிஞ்சன் என்றால் பிரம்மா. பிரம்மா இங்கே சிவசர்மன் என்ற அர்ச்சகர் மகனாகப் பிறந்தார் என்பது தல வரலாறு. தந்தையை இழந்த சிறுவன் அபிஷேகம் செய்ய வந்தபோது, அவனுக்கு எட்டவில்லை என்று லிங்கமே தலையைச் சாய்த்துக் கொடுத்ததாம். மூலவர் சற்றே சாய்ந்திருப்பதற்கு ஊர் சொல்லும் காரணம் இதுதான். அது நடந்தது கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறு என்பதால், அந்த நாள் இங்கே பெருவிழா.

அதற்கு முந்தைய சனிக்கிழமை நள்ளிரவில்தான் சிம்ம தீர்த்தம் திறக்கப்படுகிறது. சிங்க முகம் போலக் கட்டப்பட்ட நீர்நிலை இது. அந்தச் சிங்கத்தின் வாய் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். ஆதிசங்கரர் இங்கே பீஜாட்சர யந்திரம் பிரதிஷ்டை செய்தார் என்பது நம்பிக்கை. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் இதில் நீராடி, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் படுத்து உறங்குகிறார்கள். கனவில் இறைவன் முதியவர் உருவில் வந்து பழமோ பூவோ தந்தால், வேண்டுதல் பலிக்கும் என்பது ஐதிகம்.

கார்த்திகைக் குளிர் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குளிரில், ஈரத் துணியோடு, வெறும் கல் தரையில் ஒரு பெண் படுக்கிறாள் என்றால், வீட்டிலும் தெருவிலும் கல்யாண வீடுகளிலும் “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வியை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள்!

வேடிக்கை பார்க்க வரும் பயணி இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நனைந்த புடவையோடு நிற்பவர்களை நோக்கி செல்போனைத் தூக்கக் கூடாது. கோபுரத்தை எடுக்கும் சாக்கில் அவர்கள் முகத்தையும் சேர்த்து எடுத்து, ஸ்டேட்டஸில் போடக் கூடாது. “கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சும்மா?” என்று அக்கறையோடு கேட்பதும் வேண்டாம். வரிசையில் ஒருவருக்கு இடம் விடுவது, துணி மாற்ற ஒதுங்கும் பெண்ணுக்கு ஒரு மறைப்பாக நிற்பது... அந்த இரவில் இவைதான் வழித்துணை.

குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்று மருத்துவம் சொல்கிறது. ஆனாலும் நள்ளிரவில் நனைவது பெண் மட்டும்தான். நம்பிக்கையோடு மனைவியை அழைத்து வரும் கணவர், பரிசோதனைக்கும் அவளோடு சேர்ந்து போகலாம். அதற்கு எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

பாலாற்றுக்கும் ஒரு மரியாதை

கடை ஞாயிறன்று சிம்ம தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், பாலாறு மூன்றிலும் நீராடுவது மரபு. அந்தப் பாலாற்றின் கதை வேறு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் ஆறு, தோல் தொழில் நடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வந்துதான் விரிஞ்சிபுரத்தைத் தொடுகிறது. அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் கழிவுநீர் நிலத்தடி நீரை உப்பாக்கியது. 

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாகக் குறிப்பிட்ட அந்தத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கியது. கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்றும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

வாய் நிறைய தீர்த்தம் என்கிறோம். குளித்த துணியைக் குளத்திலேயே விட்டு வருவதும், ஷாம்பு பாக்கெட்டைப் படியில் கிழித்துப் போடுவதும் நாம்தான். ஆலையைக் கேள்வி கேட்கும் உரிமை, அந்தப் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்புகிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

எப்படிச் செல்வது?

வேலூரிலிருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவு. வேலூரிலிருந்து பேருந்து வசதி உண்டு. ரயிலில் வருபவர்கள் காட்பாடியில் இறங்கலாம். கடை ஞாயிறு பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். சிற்பங்களையும் மணி காட்டும் கல்லையும் நிதானமாகப் பார்க்க விரும்புவோர், கூட்டமில்லாத வேறொரு நாளில், வெயில் உள்ள நேரமாகப் பார்த்துச் செல்வது நல்லது. நீராட வருபவர்கள் மாற்றுத் துணியும், ஈரத் துணியை எடுத்துச் செல்ல ஒரு பையும் மறக்க வேண்டாம்.