கீழ்த்தள வீடு

மார்ச் 2

நார்மன், மூர் இரண்டு ஊரிலும் வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தோம். ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே, ஐ-35 நெடுஞ்சாலையை ஒட்டி அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். என் கணவருக்குப் பிடித்தது ஒரு மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ட். நல்ல வெளிச்சம், பெரிய பால்கனி. வேதாரண்யத்திலிருந்து அம்மாவும் போனில், "மாடி வீடாப் பாத்து எடும்மா" என்றாள். கடலோரத்து ஆட்களுக்கு ஆபத்து என்றால் தண்ணீர், தப்பிக்க மாடி. இங்கே ஆபத்து என்றால் டொர்னேடோ என்னும் சுழல்காற்று. அதற்கு அந்தக் கணக்கு தலைகீழ். கீழ்த்தளம், வீட்டின் நடுவே, சன்னல் இல்லாத சின்ன அறை. குளியலறையோ துணி வைக்கும் அறையோ போதும். மூன்றாம் மாடி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வாடகை அலுவலகத்துப் பெண் நீச்சல் குளம், ஜிம், நாய்க்குத் தனிக் கட்டணம் எல்லாவற்றையும் கேட்காமலே ஒப்பித்தாள். டொர்னேடோ வந்தால் ஒதுங்க ஷெல்டர் எங்கே என்று கேட்டபோதுதான் தடுமாறினாள். இந்தப் பக்கத்து வீடுகளில் பேஸ்மென்ட் அபூர்வம். சொந்த வீட்டுக்காரர்கள் கார் ஷெட்டின் தரைக்கடியில் இரும்புப் பெட்டி போல ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். வாடகைக்காரர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 9

சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தோம். பகல் 12 மணிக்கு ஊரே அலறுவது போலச் சங்கு. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வானிலை சரியாக இருந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கும் சோதனையாம்.

அந்தச் சங்கு வெளியே இருப்பவர்களுக்கானது. ராத்திரி கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குபவர்களை எழுப்பும் என்று நம்பக்கூடாது. வானிலை ரேடியோ ஒன்று வாங்கினேன். எந்தக் கவுண்டி, அதாவது இங்கத்து மாவட்டம், என்று அதில் பதிந்து வைத்தால், அந்தக் கவுண்டிக்கு எச்சரிக்கை வரும்போது தானே அலறும். போனில் அவசரச் செய்தி வரும் வசதியையும் அணைக்காமல் விட்டிருக்கிறோம்.

மார்ச் 17

கீழ்த்தள வீடு கிடைத்துவிட்டது. மூரில்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கவுண்டி வரைபடம் ஒட்டினேன். நாங்கள் இருப்பது கிளீவ்லாண்ட் கவுண்டி. டிவிக்காரர் "கிரேடி, மெக்லெய்ன்" என்று வேகமாக அடுக்கும்போது புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. இங்கே இந்தப் புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகரும். அப்படியானால் கிரேடியும் மெக்லெய்னும் எங்களுக்கு முந்தைய ஸ்டேஷன்கள்.

'வாட்ச்' என்றால் டொர்னேடோ உருவாகும் சூழல் இருக்கிறது, தயாராக இரு என்று அர்த்தம். அதை வெளியிடுவது பக்கத்து நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம், அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்கா முழுமைக்கும். 'வார்னிங்' என்றால் கண்ணால் பார்த்தாயிற்று அல்லது ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு டிவி முன் உட்காரக்கூடாது.

மே 20

2013-இல் இதே தேதியில்தான் மூரை ஒரு இஎஃப்-5, அதாவது வலிமை அளவுகோலின் உச்சப் படியில் உள்ள, டொர்னேடோ கிழித்துக்கொண்டு போனது. பிற்பகல் 2.40-க்கு வார்னிங், 2.56-க்கு தரையைத் தொட்டது. இடையில் 16 நிமிடம். 24 பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். திரும்பக் கட்டிய பள்ளியில் புகலறை வைத்திருக்கிறார்கள். மகளைச் சேர்க்கப் போன பள்ளியில் நான் முதலில் கேட்டதும் அதைத்தான்.

2018-இல் கஜாவின் பெயர் எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் நாள்கணக்கில் அடிபட்ட பிறகுதான் புயல் கரையேறியது. முகாமுக்குப் போவதா வேண்டாமா என்று சண்டை போடக்கூட நேரம் இருந்தது. இங்கே அந்தச் சண்டையை இப்போதே போட்டு முடித்துவிட வேண்டும். போட்டோம். குளியலறைதான். ஹெல்மெட் மூன்று, மூடிய செருப்பு, டார்ச், விசில் எல்லாம் அங்கேயே. ஹெல்மெட்டைப் பார்த்து அவர் சிரித்தார், சிரிக்கட்டும். பறந்து வரும் பலகையும் செங்கல்லும்தான் ஆளைக் கொல்கின்றன. சன்னலைத் திறந்து வைத்தால் காற்றழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொன்னார். அது பழைய கட்டுக்கதை. திறக்கப் போகிறவர் கண்ணாடித் துண்டுகளுக்கு நேரே நிற்பார், அவ்வளவுதான்.

மூரை 1999, 2003, 2010, 2013 என்று பெரிய டொர்னேடோக்கள் தாக்கியிருக்கின்றன. ஊருக்கு ஏதோ சாபம் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குறிப்பிட்ட ஒரு வீட்டின் மேல் விழும் வாய்ப்பு இந்த ஊரிலும் மிகக் குறைவுதான். 2014-இல் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்கும்படி புது வீடுகளைக் கட்டச் சொல்லி நகராட்சி விதி கொண்டுவந்தது. சாபத்தைப் பற்றிப் பேசுவதைவிட உருப்படியான காரியம்.

மே 31

மாலை வாட்ச் வந்தது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. அவர் காரை எடுக்கலாமா என்றார். மாட்டேன் என்றேன்.

2013-இல் இதே நாள், எல் ரீனோ ஊர்ப் பக்கம் ஒரு டொர்னேடோ. சுமார் 4.2 கி.மீ. அகலம், இதுவரை பதிவானவற்றில் மிக அகலமானது. பதினொரு நாள் முன்பு மூரில் நடந்ததைப் பார்த்துப் பயந்துபோன ஜனங்கள் காரில் கிளம்பி நெடுஞ்சாலைகளில் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். டொர்னேடோவை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் காரில் போனபோதுதான் அதில் சிக்கி இறந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், இந்த ஊர்ச் சாலையே தெரியாத நாங்கள் எம்மாத்திரம்! மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். அந்த இடுக்கில் காற்று இன்னும் சீறும். 1999 மே 3 அன்று அப்படி ஒதுங்கியவர்களில் மூன்று பேர் போனார்கள்.

ஒன்பது மணிக்கு வாட்ச் முடிந்தது. மழை மட்டும் பெய்தது. தோசை வார்த்தேன்.

ஜூன் 3

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் இங்கே வருகிறது. வாடகை குறைவு என்று, இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தும் மொபைல் ஹோம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். உடனே எழுதினேன்: "அக்கா, அதில் முன்பணம் கட்டாதீங்க. டொர்னேடோவில் சாகிறவர்களில் பெரும்பங்கு அப்படிப்பட்ட வீடுகளில்தான். கட்டியே ஆகணும்னா, ராத்திரி ரெண்டு மணிக்கும் பூட்டாம இருக்கிற ஷெல்டர் பக்கத்துல எங்க இருக்குன்னு கேட்டு, அங்க ஒரு தடவை நடந்து போய்ப் பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."