ரப்பர் சக்கரத்தில் ஓடும் பாட்டு

மலேசியாவின் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பழுதுபார்க்க வரும் பழைய ரெக்கார்டு பிளேயர்களில் நான் அதிகம் காணும் கோளாறு ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் இறுகிப்போயிருக்கும். லின்சம் போன்ற தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த ஊர் இது. இன்று செம்பனை நிறைந்துவிட்டாலும், ரப்பர் வெயிலிலும் எண்ணெயிலும் எப்படிக் கெடும் என்று இங்குள்ள பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காரார்ட், பி.எஸ்.ஆர். பெட்டிகளின் தட்டைத் தூக்கினால் போதும், இயந்திரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மோட்டார் தண்டில் படிப்படியாகப் பருமன் மாறும் ஒரு சிறு கப்பி. அதற்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே உரசிச் சுழல்வது ரப்பர் விளிம்புள்ள சக்கரம். வேகக் குமிழைத் திருப்பினால் சக்கரம் கப்பியின் வேறொரு படிக்கு ஏறும். 33 சுற்று 45 ஆகும், 45 சுற்று 78 ஆகும். இயங்காத நாளிலும் கப்பியோடு அழுந்தியே கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும். பாட்டின் அடியில் 'தட், தட்' என்று கேட்பது அந்தப் பள்ளம்தான்.

வைத்தியமும் கைக்கு எட்டியதே. பளபளப்பேறிய விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் தொட்டுத் துடைக்கிறேன். மெழுகாக உறைந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். வெடித்துப்போன ரப்பர் என்றால் புதிய விளிம்பு போட வேண்டும்.

புதியவற்றின் பெருமையைக் குறைக்க மாட்டேன். டெக்னிக்ஸ் நிறுவனம் 1970இல் எஸ்.பி.-10 மூலம் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் முறையைக் கொண்டுவந்தது. 1979இல் வந்த எஸ்.எல்.-1200 எம்.கே.2, குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் இம்மி பிசகாமல் ஓடும். மோட்டாரின் உறுமல் ஊசிக்கு ஏறாது. பழைய செராமிக் ஊசி 5 கிராமுக்கும் மேலாக இசைத்தட்டை அழுத்தும். இன்றைய காந்த ஊசிகளுக்கு 2 கிராம் அளவே போதும். அதனால் நல்ல எல்.பி. இசைத்தட்டை நான் புதியதில்தான் போடுவேன்.

ஆனால் தோட்ட வீட்டு அலமாரிகளில் இருப்பவை எல்.பி.கள் மட்டுமல்ல. 78 சுற்றுத் தட்டுகளும் இருக்கின்றன. இன்றைய பிளேயர்கள் பலவற்றில் அந்த வேகமே கிடையாது. அந்தத் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசி அடியில் போய் உரசி இரைச்சலை அள்ளிவரும். பழைய பெட்டியிலோ ஊசியைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் 78க்கானது தயாராக இருக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பழைய மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்தொடரும். தோட்டத்து ஜெனரேட்டரில் மாலை நேரச் சுமை ஏறினால் பாட்டும் சேர்ந்து தொய்யும். இன்று ரந்தாவில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சீராக வருகிறது. இளமையில் கிடைக்காத நிதானம் அந்த மோட்டாருக்கு முதுமையில்தான் கிடைத்திருக்கிறது.

துல்லியத்தில் புதியது வெல்லும். ஆனால் அதன் சில்லு கருகினால், அதே சில்லு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பழையதில் கெட்டுப்போனது எது என்பதைப் பார்த்தே சொல்லலாம், தொட்டே சரிசெய்யலாம். அதை நான் நேசிக்கும் காரணம் இதுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தால் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். மின்கம்பியையும் பழைய கண்டன்சரையும் முதலில் மாற்றச் சொல்லுங்கள். பிறகு ரப்பரைப் பாருங்கள். பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.