முதல் 60 அடி

அண்ணா கார் வாங்கின விஷயம் எங்கட குடும்பத்தில எனக்கு மட்டும்தான் தெரியும். பெரியம்மாவின் மகன், ஸ்காபரோவில் இரவு வேலை. கார் 1991ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங், ஐந்து லீற்றர் எஞ்சின். கோடை காலத்தில் ஹமில்டனுக்குத் தெற்கே கயூகாவில் இருக்கிற ஓடுபாதைக்குக் கொண்டுபோய்க் கால் மைல் ஓடுவார். கால் மைல் என்றால் 402 மீற்றர். பதினாலு சொச்சம் செக்கனில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தப் பதினாலு செக்கனுக்காக அவர் 600 டொலர் ஒதுக்கி வைத்திருந்தார். பின்பக்க சஸ்பென்ஷனுக்கு எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. "நீ வாசிக்கிற பிள்ளை, வாசிச்சு எனக்கு விளங்கப்படுத்து" என்றார். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, இப்பவும் கலைப்பீடம். ஆனாலும் வாசித்தேன்.

கார் பாய்ந்து புறப்படும்போது மூக்கு மேலெழும்பி, பாரம் பின் சில்லுகளுக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் பின் சில்லுகளுக்கு இடையிலான நீளம், வேகம் எடுக்கிற அளவு. 1950களின் கடைசியில் கிறைஸ்லர் கம்பனியில் வேலை செய்த இளம் பொறியியலாளர்கள் சிலர் ராம்சார்ஜர்ஸ் என்று ஒரு கழகம் வைத்திருந்தார்கள். அவர்கள் 1949ஆம் ஆண்டு பிளிமத் கார் ஒன்றைத் தாழ்த்தாமல், வேண்டுமென்றே உயர்த்திக் கட்டினார்கள். படத்தில் பார்த்தால் காலில் கட்டை கட்டி நிற்கிறது மாதிரி இருக்கும். பார்க்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும், பாரம் பின்னுக்குப் போனால் சரி என்ற அந்தத் துணிவு எனக்குப் பிடித்துப் போனது. (எங்கட ஊர்ப் பெடியளின் மோட்டார் சைக்கிளுக்கு இது சரிவராது. அங்கே முன்சில்லு தூக்கிக் கவிழ்த்துவிடும் என்பதால் நீட்டித் தாழ்த்துகிறார்கள்.)

அந்தப் பாரம் ரயரில் எப்படி, எவ்வளவு சடுதியாக இறங்குகிறது என்பதைத்தான் சஸ்பென்ஷன் தீர்மானிக்கிறது. அண்ணாவின் காரில் பின் அச்சை நாலு கைகள் பிடித்திருக்கின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு. பக்கத்தில் நின்று பார்ப்பதாக நினைத்து அந்தக் கைகளின் கோடுகளை முன்னோக்கி நீட்டினால் அவை ஓரிடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துக் காரின் பின்பக்கம் குந்தும், அல்லது எழும்பும். குந்துவதுதான் பலம் என்று அண்ணா நம்பியிருந்தார். எழும்பும்போதுதான் ரயர் அந்தக் கணத்தில் நிலத்தை அழுத்தி மிதிக்கிறது என்று விளங்கப்படுத்த இரண்டு இரவு போயிற்று. "குந்தி எழும்பினால்தானே அண்ணா நிலத்தை மிதிப்பியள்" என்றேன். சிரித்தார்.

அவரின் உண்மையான தொல்லை வேறு. கம்பனி போட்ட கைகள் மெல்லிய தகட்டில் செய்தவை, முனைகளில் றப்பர் புஷ். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். முழுப் பலத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் அச்சு முறுகி, விட்டு, திரும்பவும் முறுகும். ரயர் நிலத்தில் தத்தித் தத்திக் குதிக்கும், ஏதாவது உடையும். அதனால் நான் சொன்ன ஒழுங்கு இதுதான்: முதலில் பிடிப்பான ரயர், அடுத்தது பலமான கீழ்க்கைகள். மேல்கைகளில் றப்பர் அப்படியே இருக்கட்டும். அவை சரிவாக நிற்பதால் கொஞ்சம் நெகிழத்தான் வேண்டும், இறுக்கமான புஷ் போட்டால் அச்சு சிக்கிக்கொள்ளும். வலது ஸ்பிரிங்குக்குள் வைக்கிற காற்றுப்பை பிறகு. எஞ்சினின் முறுக்கு வலது பின்சில்லை மேலே தூக்கப் பார்க்கும், அதற்குத்தான் அந்தப் பை.

600 டொலர் இலங்கைக் காசுக்கு எவ்வளவு என்று எனக்கும் பெருக்கத் தெரியும். பெரியம்மா வீட்டின் பின் விறாந்தை இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. அவர் மாதாமாதம் பிந்தாமல் அனுப்புகிறார், ஆனாலும் வெளிநாட்டில் இருப்பவன் தனக்கென்று ஒன்று வாங்கினால் எங்கட ஆக்கள் அதைக் களவு மாதிரிப் பார்ப்பினம். வேலை, வாடகை, கடன், வேலை என்று ஆறு வருஷம் போன ஒருவருக்கு அந்தப் பதினாலு செக்கன் கூடாதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு சீட்டின் படம் வந்தது. முதல் 60 அடிக்கு முந்தி 2.21 செக்கன், இப்ப 2.04. கீழே குரல் பதிவு: "குதிக்கேல்லையடி!"

அடுத்த நாள் பெரியம்மா கேட்டா, "கொண்ணன் சனிக்கிழமையில போன் எடுக்கிறானில்லை, என்ன செய்யிறான்?"

"ஓவர்டைம் பெரியம்மா" என்றேன்.